சத்தம் போன இரண்டு ஞாயிறுகள்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிற எங்கள் கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டாதவர் யாருமில்லை. முட்டி வலி, சர்க்கரை, பிள்ளைகளின் விசா என்று பேச்சு ஒரு சுற்று வந்து முடிந்தால் அடுத்த சுற்று கைபேசியைப் பற்றித்தான் இருக்கும். போன வாரம் ஒருவர் ஆரம்பித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்நேரமும் அதையே பார்க்கிறார்கள், நம் காலத்தில் டிவி என்றாலும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு ஆவணப்படம் பார்த்தோம், அறிவு வளர்ந்தது என்றார். “என்ன சார் வளர்ந்துது? பெங்குயினைப் பத்தி எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க பாப்போம்” என்று இன்னொருவர் மடக்கினார். பத்துப் பேர் நின்று யோசித்தோம். ஐஸில் இருக்கும் என்பதற்கு மேல் ஒருவருக்கும் எதுவும் வரவில்லை.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து காபி போடும்போது அந்தக் கேள்வி போகாமல் நின்றது. உங்களுக்கும் என் வயதுதான். ஒரே ஒரு சேனலும், மொட்டை மாடி ஆன்டெனாவும், காற்றடித்தால் ஓடிப்போய் அதைத் திருப்புகிறவருமாக நீங்களும் இருந்திருப்பீர்கள். அந்தப் படங்களால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு ஏழு. அப்பா கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தினமும் சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயில் பிடிப்பார். அம்மா எட்டாவதுவரை படித்தவர். வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் முழுப் பரீட்சை முடிந்து ரிப்போர்ட் கார்டு வாங்கப் போன அப்பாவைத் தலைமையாசிரியை உட்காரவைத்துப் பேசினார். தங்கையின் கார்டில் வகுப்பாசிரியை சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். கவனமில்லை. பிடிவாதம். இன்னொரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும், அப்போதும் தேறாவிட்டால் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி இருக்கிறது, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கார்டை வாங்கி மறுபடி மறுபடி படித்தார். தங்கை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அது வழக்கம். யார் பேசினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள், “என்ன இப்படி முழுங்கற மாதிரி பாக்கறா!” என்பார்கள். சக்கரையை ‘அக்கரை’ என்பாள், சட்டையை ‘அட்டை’ என்பாள். ஏழு வயதிலும் மழலை போகவில்லையே என்று எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு முடிவோடு வந்தார். “இவளுக்கு உலகம் தெரியல. அதான் புத்தி மந்தமா இருக்கு. உலகத்தைக் காட்டினா சரியாயிடும்” என்றார்.

டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். கிட்டத்தட்ட ஒரு மருந்து போல.

மரப்பெட்டிக்குள் அடங்கிய கறுப்பு வெள்ளை டிவி. முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடும் மடிப்புக் கதவு, அதற்கொரு பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப்பையில். சினிமாப் பாட்டு வரும் நாளில் பக்கத்து வீடுகளெல்லாம் ஒரே குரலில் பாடிக்கொண்டிருக்க, எங்கள் டிவி பூட்டிய கதவோடு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும். அதில் வருவதை அப்பா ‘அறிவுப் படம்’ என்பார். படம் இங்கிலீஷில் இருக்கும். நானும் தங்கையும் முன்னால் தரையில் பாய் போட்டு உட்கார, எங்களுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அம்மா சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார், அல்லது கீரை ஆய்வார். வெயில் சுவருக்குள் இறங்கிவிட்ட மே மாதம். ஜன்னல் வழியே வேப்பம்பூ வாசனையும் யார் வீட்டிலோ அப்பளம் பொரிக்கும் வாசனையும் வரும்.

படம் முடிந்ததும் கேள்வி நேரம். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். நான் நிறைய மிட்டாய் தின்றேன்.

முதல் வாரம் பெங்குயின். கறுப்பு வெள்ளை டிவியில் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தங்கை சொக்கிப்போய்ப் பார்த்தாள். ஆனால் கேள்வி நேரத்தில் உளறினாள். இரண்டாவது வாரம் ஆழ்கடல். விளக்கைத் தாங்கிக்கொண்டு நீந்துகிற மீன்களெல்லாம் வந்தன. பின்னாலிருந்து அப்பா, “ஆழத்துல என்ன இருக்கும்?” என்று கேட்டார். தங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, “பூ. அப்புறம் காய்” என்றாள். நான் உருண்டு புரண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரப் படம் எனக்கு அலுப்பாக இருந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஆற்றங்கரையில் ஒரு பெண்மணி புதருக்குள் ஒளிந்து உட்கார்ந்து நீர்நாய்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மாதக்கணக்கில் பார்க்கிறார். பார்த்ததை நோட்டில் எழுதுகிறார். ஒரு நீர்நாய் ஏன் மற்றவற்றோடு சேராமல் தனியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக இவ்வளவும். அப்பாவே மொழிபெயர்ப்பதை நிறுத்திக் கொட்டாவி விட்டார். அம்மாவின் கை அரிவாள்மணைமேல் அப்படியே நின்றிருந்ததை நான் கவனித்தேன். காய் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் எரிமலை. மலை உச்சியிலிருந்து குழம்பு பொங்கி வழிந்து மரங்களை விழுங்கியது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். படம் முடிந்ததும் பின்னாலிருந்து அப்பா, “எரிமலைக்குள்ள என்ன இருக்கும்?” என்றார்.

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். விளக்கு இன்னும் போடவில்லை. “பால்” என்றாள்.

“என்ன?”

“பால்ப்பா.”

அப்பா எழுந்து வந்தார். “ஒரு மணி நேரம் கண்ணால பாத்துட்டு பால்ங்கறியா? கிண்டல் பண்றியா என்னை?” என்று அவள் காதைப் பிடித்துத் திருகினார். தூக்கிவிடுகிற மாதிரி திருகினார். தங்கை அழவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். என்ன தப்பாகப் போயிற்று என்று அதில் யார் முகத்திலாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். நான் கையிலிருந்த மிட்டாயைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு டிவியைத் திறந்தால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. அப்பா குமிழைத் திருகினார், பெட்டியைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பூட்டிவிடுவார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவரோ, “ஒரு வாரம்கூட விடக்கூடாது. பாத்தே புரிஞ்சிக்கலாம்” என்று எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கையில் ஒரு ஸ்கேல். கரையான்களைப் பற்றிய படம். அவருக்கே எதுவும் தெரியாததால் ஸ்கேலால் சுட்டிக்காட்டி, “இங்க பாரு, இது ஏதோ சுமந்துகிட்டு வருது” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமில்லாத படம் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அன்றைக்குக் கேள்விகளையும் அவர் அங்கேயே நின்று, எங்களைப் பார்த்தபடி, திரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

“புத்துக்குள்ள பெருசா வெள்ளையா ஒண்ணு இருந்துதே, அது யாரு?”

நான் முழித்தேன். தங்கை சொன்னாள்: “அம்மா கரையான். அது நகராது. மத்ததுங்கதான் அதுக்கு ஊட்டுது. முட்டை வந்ததும் வாயில தூக்கிகிட்டுப் போயி வேற ரூம்ல வெக்குது.”

அப்பா ஸ்கேலை இறக்கினார். “எறும்பு வந்தப்ப என்ன ஆச்சு?”

“பெரிய தலை இருக்கறதெல்லாம் வாசல்ல வந்து தலையால அடைச்சிகிச்சு. சின்னதுங்க பின்னாடி மண்ணு பூசிச்சு. வெளிய நின்னதுங்க திரும்ப உள்ள வர முடியல.” கடைசியாக, “அந்த மாமாவுக்கு அதைப் பாத்து அழுகை வந்துது” என்றாள். படத்தில் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்கார ஆளைச் சொல்கிறாள் என்று எங்களுக்கு மெல்லத்தான் புரிந்தது.

எல்லா மிட்டாயும் அவளுக்குப் போயிற்று.

மறுநாள் குரோம்பேட்டையிலிருந்து ஒரு டிவி மெக்கானிக் சைக்கிளில் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “படம் ஷோக்கா கீது சார். ஸ்பீக்கர்தான் பூட்ச்சு. மவுண்ட் ரோடு போயி வாங்கியாரணும், எட்டு பத்து நாளு ஆவும்” என்றார். அதனால் அடுத்த ஞாயிறும் சத்தமில்லை. அந்த வாரம் கண்டம் விட்டுக் கண்டம் போகும் பறவைகள். அப்பா வேண்டுமென்றே கடினமாகக் கேட்டார். எத்தனை முறை இறங்கின, எந்தப் பறவை பின்தங்கியது, யார் திரும்பி வந்து அதைக் கூட்டிப்போனது. தங்கை ஒன்றைக்கூட விடவில்லை. ஓரிடத்தில் அப்பாவையே திருத்தினாள்.

அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். “பாத்தியா? ஆறே வாரம்! உலகத்தைக் காட்டினா புத்தி வரும்னு சொன்னேன்ல?” என்று அம்மாவிடம் சொன்னார். தங்கையைத் தூக்கிச் சுற்றினார். அம்மா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யோசித்தால், சத்தமில்லாத அந்த ஞாயிறுகளில் அம்மாவிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஆனால் கேள்வி நேரத்தில் அம்மாவிடம் கேட்கும் வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. அவர் காய் நறுக்க உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அப்பாவும் நானும் நினைத்திருந்தோம்.

மெக்கானிக் புது ஸ்பீக்கரோடு ஒரு சாயங்காலம் வந்தார். அப்பா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்திருந்தார். தங்கை பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஏதோ ஒரு வயரை மாற்றிச் செருகிவிட்டார் போல. கீச்சென்று ஊசி மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அப்பா காதைப் பொத்தினார். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். நான் கத்தினேன். மெக்கானிக் பதறிப்போய் வயரைப் பிடுங்கினார்.

தங்கை மட்டும் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி, வைத்த தலையை எடுக்காமல் அப்படியே நின்றிருந்தாள். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, “என்ன?” என்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். “இன்னா சார், பாப்பா அசையவே இல்ல? காது கேக்குதா அதுக்கு?”

“அதெல்லாம் நல்லாக் கேக்கும். நீங்க வேலையப் பாருங்க.”

“கோச்சுக்காத சார். எங்க அண்ணன் பொண்ணும் இப்டிதான் இருந்துச்சு. நாங்க திமிருன்னு நெனச்சிகினு இருந்தோம். ஒரு தபா காட்டிட்டு வந்துடு, தப்பில்ல.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கூலியைக் கொடுத்து, நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பினார். “பஸ் ஹாரன் அடிச்சா ஒதுங்கறா. நான் கத்தினா ஓடி வரா. காது கேக்காதாமே! வந்துட்டான் டாக்டர்” என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் அப்பா ரயிலுக்குக் கிளம்பியதும் அம்மா என்னை அருகில் கூப்பிட்டார். பின்பக்கம் எழுதுவதற்காகத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், கையில் ஒரு பென்சில். “அந்த ஆத்தங்கரைப் பொம்பளை ஒளிஞ்சி நின்னு பாத்து எழுதினாளே, அந்த மாதிரி நாமளும் பாக்கலாம். இவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மாத்தி நடந்துக்குவா. அந்தப் பொம்பளை அப்படித்தான் சொன்னா” என்றார்.

அப்பா அந்தப் படத்துக்குப் பாதிக்கு மேல் மொழிபெயர்க்கவே இல்லை என்பது எனக்கு நினைவிருந்தது. அம்மாவுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பள்ளி விடுமுறையில் எனக்குக் கிடைத்த ஒரே விறுவிறுப்பான வேலை அது.

அந்த ஒரு வாரத்தை நான் இன்றைக்கும் மணிக்கணக்காகச் சொல்வேன். தங்கை கூடத்தில் சோழி விளையாடுவாள். அம்மா குக்கரை விசில் அடிக்க விடுவார். நான் கதவிடுக்கிலிருந்து அவள் தலை திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பாது. காஸ் சிலிண்டரை உருட்டினால் திரும்பும். தெருவில் குச்சி ஐஸ் வண்டியின் மணி: திரும்பாது. தூரத்தில் ரயிலின் ஊதல்: நிமிர்ந்து பார்ப்பாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி: இல்லை. கிரைண்டர் ஓடினால் எழுந்து போய் அதன்மேல் கை வைத்துக்கொள்வாள். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், ஆனால் என்ன சொன்னோம் என்று தெரியாது. ஒவ்வொன்றையும் அம்மா ‘உண்டு’, ‘இல்லை’ என்று கோணல் எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தார். தாளின் முன்பக்கத்தில் நல்ல நேரமும் ராகு காலமும் இருக்கும்.

நான்காம் நாள் அம்மா அவளை எதிரே உட்காரவைத்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “மாடிக்குப் போயி வத்தல் எடுத்துட்டு வரியா?” என்றார். தங்கை அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். தங்கைக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. அம்மா முந்தானையை எடுத்தார். இந்தத் தடவை சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

“மொட்டை மாடி சுடுமே. செருப்புப் போட்டுக்கட்டா?” என்று கேட்டுவிட்டுத் தங்கை மாடிப்படி ஏறினாள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பென்சில் எங்கேயோ உருண்டு போயிற்று. எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா முகம் கழுவி வந்ததும் அம்மா தாள்களைக் கொடுத்தார். அப்பா இரண்டு தாள் படித்துவிட்டுக் கீழே வைத்தார். “அந்த மெக்கானிக் சொன்னான்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா? பொண்ணுக்குக் குறை இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லணுமா? அவளுக்கு உன்மேல செல்லம். நீ சொன்னா கேப்பா, நான் சொன்னா கேக்க மாட்டா. அவ்ளோதான்.”

“கொஞ்சம் இங்க வாங்க” என்றார் அம்மா. அவர் அந்தக் குரலில் அப்பாவிடம் பேசி நான் கேட்டதில்லை.

தங்கையைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டார். அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

தங்கை பளிச்சென்று பதில் சொன்னாள்: “நெருப்புக் குழம்பு. கல்லெல்லாம் உருகி அப்படி ஆயிடும்.”

“நீ என்ன கேட்ட?” என்றார் அப்பா.

“எரிமலைக்குள்ள என்ன இருக்கும்னு கேட்டேன்.”

அம்மா மெதுவாகச் சொன்னார்: “ஆழத்துலன்னது மரத்துலன்னு விழுந்த மாதிரி, அன்னிக்கு நீங்க பின்னாடி உக்காந்து எரிமலைன்னு சொன்னது அவளுக்கு எருமைன்னு விழுந்திருக்கு. எருமைக்குள்ள என்ன இருக்கும்? குழந்தை சரியாத்தான் சொல்லியிருக்கு.”

அப்பா வாசலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “திங்கக்கிழமை லீவு போடறேன்” என்றார்.

நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு நான்கு பேரும் போனோம். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் தங்கையை உட்காரவைத்துக் காதில் பெரிய கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். முதலில் டக் டக்கென்று கை தூக்கினாள். போகப் போகத் தூக்குவது குறைந்தது. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தாள். மெஷினில், சத்தம் போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கனமான சத்தங்கள் இவளுக்கு நன்றாகவே கேட்கும், கீச்சான சத்தங்கள் கேட்காது. பேச்சில் பாதி எழுத்து அந்த உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் பேச்சு பாதி பாதியாகத்தான் விழும். மீதியை உதட்டைப் பார்த்து இவளே நிரப்பிக்கொள்கிறாள். “புத்திக் குறைவா? நல்லா இருக்கே கதை! இந்த வயசுல தானாவே இவ்வளவு கத்துகிட்டிருக்கா” என்றார். பிறகு அம்மாவின் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவது.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்க இப்படிப் பாக்கணும்னு?”

அம்மா கூச்சத்தோடு, “டிவியில பாத்தேன் டாக்டர். நீர்நாயைப் பத்திப் போட்டாங்க” என்றார்.

டாக்டரம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். இத்தனை வாரமும் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அன்றைக்குத்தான் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

கிளம்பும்போது டாக்டரம்மா அப்பாவிடம், “சார், எதிர்ல வந்து முகத்தைக் காட்டிப் பேசுங்க. இன்னொண்ணு, உங்க மீசை உதட்டை மறைக்குது” என்றார். மறுநாள் காலை பல் தேய்க்கப் போன நான் பின்கட்டில் யாரோ அந்நிய ஆள் நிற்கிறார் என்று அலறிவிட்டேன். மீசை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. ஆபீஸில் திருப்பதி போனீர்களா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த ரயிலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பார்க் ஸ்டேஷனில் ஏறி, ஜன்னலோரம் நானும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மாம்பலம் தாண்டியதும் அவள் என் முழங்காலைத் தட்டினாள்.

“அக்கா, அம்மா பின்னாடி நின்னு கூப்பிட்டா உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அம்மா சொல்றதும் தெரியுமா? பாக்காமலேயே?”

“ம்.”

அவள் பெட்டியில் இருந்தவர்களையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். “எல்லாருக்குமா?”

நான் தலையாட்டினேன்.

“நீங்கல்லாம் சீக்கிரமா திரும்பிப் பாத்துடறீங்கன்னு நெனச்சிகிட்டிருந்தேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஒரு புதிர் விடுபட்ட திருப்தி முகத்தில் இருந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியவர் சானடோரியம் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜூனில் அப்பா மருத்துவமனைச் சீட்டோடு பள்ளிக்குப் போனார். அம்மாவையும் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் அது அதிசயம். தலைமையாசிரியை கொஞ்சம் இழுத்துவிட்டு, காலாண்டுப் பரீட்சைவரை பார்க்கலாம் என்று மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இடம் கொடுத்தார். தங்கை காலாண்டில் பத்தாவதாக வந்தாள். இன்றைக்கு அவள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், ஓய்வுபெற இன்னும் பத்து வருஷமாவது இருக்கிறது. அந்தக் காலண்டர் தாள்கள் இப்போது இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டோடு போய்விட்டன. அப்பாவும் இல்லை.

காது மெஷின் கைக்கு வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. இப்போது போலக் காதுக்குள் மறைகிற சமாச்சாரம் இல்லை. தீப்பெட்டியை விடப் பெரிய பெட்டி, அதைத் துணிப்பையில் போட்டு மார்பில் தொங்கவிட வேண்டும், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தோம். அப்பாவும் பாயில்தான். படம் பட்டாம்பூச்சிகளைப் பற்றி. ஒரு கூடு மெல்ல வெடித்து ஈரமான இறக்கை வெளியே வந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ்காரர் பேசிக்கொண்டே போனார்.

தங்கை முகத்தைச் சுளித்தாள். “யாருப்பா பேசறது?”

“படத்தைப் பத்திச் சொல்றவரு.”

“டிவிதான் உறுமுதுன்னு நெனச்சேன். எல்லா வாரமும் பேசினாரா?”

“ஆமா.”

“இவ்வளவு நேரமுமா?”

“ஆமாம்மா.”

அவள் திரையைக் காட்டினாள். “அதான் கண்ணுக்கு நல்லாத் தெரியுதே, எதுக்குச் சொல்லிகிட்டே இருக்காரு?” ஒயரைப் பிடுங்கி அம்மா மடியில் போட்டுவிட்டு மறுபடி பட்டாம்பூச்சிக்குத் திரும்பினாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

படம் முடிந்தது. அன்றைக்கு அப்பா எதுவும் கேட்கவில்லை. தங்கைதான் நகர்ந்து அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கட்டா?”

அப்பா முகத்தை அவளுக்கு நேராக வைத்துக்கொண்டார். “கேளு.”

“எரிமலை அன்னிக்கு என் காதை ஏன் திருகினீங்க?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குறுக்கே வரவில்லை.

“நீ வேணும்னே தப்பாச் சொல்றேன்னு நெனச்சேன்” என்றார் அப்பா. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியும்படி சொன்னார்.

“நான் வேணும்னே சொல்லலையே.”

“இல்லம்மா. எனக்குத்தான் தெரியல.”

அப்பா அவள் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். “சரி” என்றாள் அவள். அப்படியே நகர்ந்து அவர் மடியில் சாய்ந்துகொண்டாள்.

டிவியில் இந்திச் செய்தி ஆரம்பித்திருந்தது. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. எழுந்துபோய் அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நால்வரும் கடைசிவரை பார்த்தோம்.